வெள்ளவத்தைச் சலூன்: முடிவெட்டுக்குப் போகலாம், அரசியலுக்கும் போகலாம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு சின்னச் சலூன். பிடரியில் கத்தி வைக்கும்போது கை அவ்வளவு நிதானம், பிளேட் எப்போதும் புதுசு. மின்விசிறிதான் சரியில்லை, வெட்டிய முடியெல்லாம் முகத்துக்கு வருகிறது.

கடைக்கார ஐயா பரம்பரை யானைக்காரர், அதாவது ஐக்கிய தேசியக் கட்சி ஆள். 2022 பெற்றோல் வரிசையிலும் மாறாத மனுசனை, அந்தக் கட்சித் தலைவர் ரணில் ஜனாதிபதியாக இருந்தபோது 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம், மாற்றிவிட்டது. "வரியைக் கூட்டு, கட்டுறன். நான் பேஸ்புக்கில எழுதுறதை ஐந்து பேர் ஆணைக்குழுவோ பார்க்கிறது?" என்கிறார்.

எனக்கென்னவோ, சாமான் விலைக்காகக் கட்சி மாறியவர்கள்தான் அதிகம். அதைச் சொன்னேன். "மீசையையும் எடுக்கவோ, தம்பி?" என்றார்.

கார்ட் எடுக்கமாட்டார், காசு கொண்டுபோங்கள். ஞாயிறு காலை சனம் கூட.