எடை கூடிய வீட்டுக்கு எது ஒத்துவரும்: நடையா, பேட்மிண்டனா, வகுப்பா?

அப்பா அம்மாவுக்கும் எடை கூடுதல், பிள்ளைக்கும் கூடுதல். மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்ற கணக்கில்தான் வந்தார்கள். பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டப்புற ஊரில் கைக்கு எட்டுவது மூன்று வழி: பாடாங்கில் மாலை நடை, வீட்டு முன்னால் பேட்மிண்டன், பிள்ளையைச் சிலம்ப வகுப்பிலோ பந்து வகுப்பிலோ சேர்ப்பது.

வகுப்பை முதலில் ஒதுக்கிவிடலாம். பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் அது வியர்த்துக் கொட்டும் நேரத்தில் பெற்றோர் காரில் ஏர்கோன் போட்டுக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சேர்ந்து செய்வதாக இதை எப்படிச் சொல்வது?

நடைக்குக் காசு வேண்டாம், முட்டிக்கும் பெரிய தொல்லை இல்லை, பாட்டிவரை வீட்டோடு கிளம்பலாம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். சிக்கல் பிள்ளைதான். இரண்டாவது சுற்றிலேயே "இன்னும் எவ்வளவுப்பா?" என்று கேட்க ஆரம்பித்துவிடும். வாரக் கடைசியில் கோல சிலாங்கூர் புக்கிட் மலாவாத்திக்குக் கூட்டிப்போனால் கதை வேறு. குரங்கைப் பார்க்கிற ஆசையில் மேடு ஏறுவதே தெரியாது. தின்பண்டப் பையை மட்டும் காரிலேயே விட்டுவிடுங்கள்.

என் ஓட்டு பேட்மிண்டனுக்குத்தான். வலை வேண்டாம், கேட்டுக்கு மேலே அடித்தால் சரி. அப்பாவைத் தோற்கடித்த பிள்ளை மறுநாள் தானே மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். நடைக்கு அப்படி யாரும் வந்து நிற்பதில்லை. பாடாங்கில் பத்துப் பேர் பார்க்க ஓடக் கூச்சப்படும் அம்மாவுக்கும் வீட்டு வாசல் வசதி. ஆனால் பாயின்ட் எண்ண ஆரம்பித்தால் பெரியவர்கள் குதிப்பார்கள், முட்டி போகும். ஷட்டல் கீழே விழாமல் இருவரும் சேர்ந்து எத்தனை அடி அடிக்கிறோம் என்று எண்ணுவது மேல். சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடுங்கள். இனிப்புநீருக்கு இன்சுலின் போடுகிறவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும்.

பேட்மிண்டனுக்கும் ஒரு குறை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கேட்பது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கோ நாளுக்குச் சராசரி 60 நிமிடம். வாரம் ஐந்து நாள், அரைமணி ஆட்டம் என்றால் அப்பா கணக்கு முடிந்தது, பிள்ளைக்குப் பாதிகூட ஆகவில்லை. மீதிக்குச் சைக்கிளைக் கொடுத்துத் தாமானுக்குள் விட்டுவிடுங்கள். ஒதுக்கிவைத்த அந்த வகுப்புகூட இங்கே உதவும், அப்பா காரைவிட்டு இறங்கித் திடலைச் சுற்றி நடப்பதாக இருந்தால்.