லண்டன் ட்ரிபியூனல்ஸ்: பாதி அபராதத்தோடு முடிப்பதா, முறையிடுவதா?

பள்ளி தொடங்கும் நேரத்தில் வாகனங்களுக்கு மூடப்படும் தெருவொன்றில் நுழைந்ததாக எனக்கு வந்த அபராத அறிவிப்பை எதிர்த்து நான் எழுதியதை உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் நிராகரித்த பிறகு, லண்டன் ட்ரிபியூனல்ஸ் என்னும் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தேன். அதன் சேவை பற்றியதே இம்மதிப்பீடு.

160 பவுண்டு அபராதத்தை 14 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டோடு முடிந்துவிடும். தீர்ப்பாயம்வரை சென்று தோற்றால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. முற்றிலும் நியாயமற்ற முறையில் வழக்காடினாலன்றிக் கவுன்சிலின் செலவும் நம் தலையில் விழுவதில்லை. ஆகவே, முடிவெடுக்க வேண்டியது அந்த 80 பவுண்டைப் பற்றித்தான்.

அதற்குக் கோபம் உதவாது, தடையை அறிவிக்கும் சாலையோரப் பலகைதான் உதவும். பலகையில் சிறு குறை இருப்பதாலேயே அபராதம் செல்லாமற் போகாது என்பதைச் சண்டர்லாந்து நகரின் வாகன நிறுத்தம் தொடர்பான ஹெரான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாக்கிவிட்டது. தடை இருப்பதை ஓட்டுநருக்குப் போதிய அளவு பலகை தெரிவித்ததா என்பதே கேள்வி. என் வழக்கில் இடப்பக்கப் பலகையை மரக்கிளை முழுவதும் மறைத்திருந்தது. வலப்பக்கப் பலகையோ திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து, முதன்மைச் சாலையிலிருந்து திரும்பும் கோணத்திலேயே படங்களை எடுத்து இணைத்தேன். கவுன்சில் அனுப்பிய படத்தில் அதே மரம் இலையுதிர்ந்து மொட்டையாக நின்றது. அபராதமோ ஜூன் மாதத்தது. நடுவர் இந்த வேறுபாட்டைத் தாமே கவனித்துக் கேட்டதும், கவுன்சிலின் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் படித்திருந்ததும் எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தின. மேல்முறையீடு ஏற்கப்பட்டது.

தீர்ப்புகள் அடங்கிய பொதுப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு நடுவரின் தீர்ப்பு மற்றொருவரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதே தெருவைப் பற்றிய முந்தைய முடிவுகளை முதலிலேயே படிப்பது மிகவும் பயன்தரும்; தேடும் வசதிதான் சற்றுச் சிரமமானது. மருத்துவமனைக்கு விரைந்தேன், குழந்தை அழுதது போன்ற காரணங்களை மட்டும் நம்பி இங்கே வர வேண்டாம். இரக்கம் காட்டி அபராதத்தைக் கைவிடுவது கவுன்சிலின் விருப்பத்தைப் பொறுத்தது. நடுவர் சட்டப்படிதான் முடிவு செய்வார்.

லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சில்கள் விதிக்கும் அபராதங்களுக்கு டிராஃபிக் பெனால்ட்டி ட்ரிபியூனல் என்ற வேறொரு தீர்ப்பாயம் உண்டு. தனியார் கார் நிறுத்துமிடங்கள் அனுப்பும் அறிவிப்புகளை இவ்விரண்டுமே விசாரிப்பதில்லை.