வாரத்தில் ஒரு நாள்: மூன்று மருந்துகளோடு ஆறு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயிலில் என்னோடு பூக்கட்ட வரும் தங்கை ஒருத்திக்குச் சென்ற மாதம் முடக்குவாதம் உறுதியாயிற்று. "மூன்று மருந்து எதற்கு அக்கா, வலி மாத்திரை ஒன்று போதாதா?" என்று அவள் கேட்டபோது, பூசைக்கு மணி அடித்துவிட்டதால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் தணிக்குமே தவிர, நோயைத் தடுக்காது. மூட்டின் உள்சவ்வில் நடக்கும் அழற்சி, வலி தெரியாத நாளிலும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துக்கொண்டிருக்கும். எனக்கும் இதே நோய்தான். இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையை நம்பி நான் கழித்த முதல் எட்டு மாதங்களின் விலை, இடக்கை நடுவிரலில் இன்றும் நிமிராத கணுவாக நிற்கிறது. பிறகு மருத்துவர், நோயையே அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசீன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அவை வேலை செய்யத் தொடங்கும்வரை மட்டும் சிறிதளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓடெல் குழுவினர் 102 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், நோய் பாதியளவாவது தணிந்தவர்கள் மூன்று மருந்தும் எடுத்தோரில் 77 சதவீதம், மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தோரில் 33 சதவீதம்.

என் அளவில் அது உண்மையாயிற்று. நான்காம் மாதத் தீபாவளிக்கு முறுக்கு அச்சை மகளிடம் கொடுக்காமல் நானே பிழிந்தேன். அதன்பின் எடுத்த எக்ஸ்ரே படங்களில் புதிய அரிப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு முறை, 2.5 மில்லிகிராம் அளவில் எட்டுச் சிறு மஞ்சள் மாத்திரைகள்; மறுநாள் முழுவதும் குமட்டல். முதலில் வெள்ளி இரவு எடுத்தேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வீடு முழுக்கக் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் மணம் நிறைந்திருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். மருத்துவரைக் கேட்டுத் திங்கள் இரவுக்கு மாற்றிக்கொண்டேன். ஃபோலிக் அமிலம் சேர்த்ததும் சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. சல்ஃபாசலசீனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதெல்லாம் இதன் முன் ஒன்றுமே இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மருந்துக்கடையில் தந்த மெத்தோட்ரெக்ஸேட் பொட்டலத்தின் சீட்டில் "தினமும் எட்டு" என்று அச்சாகியிருந்தது. இதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அந்தக் கடைப்பெண் அன்றே மன்னிப்புக் கேட்டுச் சீட்டை மாற்றித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் அம்மாவின் கையில் அது கிடைத்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை, வயிறு புரண்டுகொண்டிருக்கிறது. இந்தக் கூட்டு மருந்தை மனமுவந்து யாருக்கும் பரிந்துரைக்க என்னால் முடியாது. ஆனாலும் தங்கை சிகிச்சையை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்குமான பரிசோதனைகளையும் கண் பரிசோதனையையும் ஒருபோதும் தவறவிடக் கூடாது. விழுங்கும் கிழமையை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.