தண்டையார்பேட்டையில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதக் கொடுத்த இடம்

அப்பா விட்டுப்போனதைப் பங்கு பிரிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஒரு பெரியவர் பத்திரம் எழுதுகிறார், உரிமம் உள்ளவர். போர்டு சின்னது, படி செங்குத்து, உட்கார இடம் குறைவு. வேலை மட்டும் அருமை.

எங்கள் வீடு தாத்தா சம்பாதித்து வாங்கியது, அவருக்கு அப்பாதான் ஒரே வாரிசு. அப்பா உயில் எழுதாமல் 2023-ல் காலமானார். அக்காவுக்கு 1986-லேயே கல்யாணம் ஆகிவிட்டதால் பூர்வீகச் சொத்தில் பங்கு கிடையாது என்று அண்ணன் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் போன இன்னொரு இடத்திலும் அதையே சொல்லி, அக்காவிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பெரியவர் மூலப் பத்திரத்தை விரித்து, தாத்தா என்றைக்கு இறந்தார் என்றுதான் முதலில் கேட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்திருப்பதால், அவர் சம்பாதித்த வீடு அப்பாவுக்குத் தனிச் சொத்தாகத்தான் வந்திருக்கிறது, ஆகவே அம்மா, அண்ணன், அக்கா, நான் நாலு பேருக்கும் சம பங்கு, கல்யாணம் எந்த வருஷம் நடந்தால் என்ன என்றார். சரி, அண்ணன் சொல்வதுபோல் பூர்வீகச் சொத்தாக, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தாகவே இருந்தால்? 1989-ல் தமிழ்நாடு பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது உண்மைதான். ஆனால் 2005 மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை, அது அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குப் பங்கு உண்டும்மா" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் அதற்குமேல் பேசவில்லை.

அப்புறம் கேட்டதுதான் நான் எதிர்பார்க்காதது. "அப்பா வேற ஏதாவது எழுதி வச்சிருக்காரா?" துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், ராத்திரியில் கானா பாட்டு எழுதுவார். நீல அட்டை போட்ட நீள நோட்டுகள், ஓரத்தில் தாளத்துக்குப் பென்சில் கோடு, சில பக்கங்களில் எந்தத் தெருவில் யாருடைய சாவுக்குப் பாடியது என்ற குறிப்பு. அந்த நோட்டுகள் அம்மாவிடமே இருக்கட்டும், பாட்டுகளின் பதிப்புரிமை நாலு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று தனித்தனியாக எழுதினார். நோட்டு கையில் இருப்பவருக்கே உரிமையும் என்று நினைத்துவிடக் கூடாதாம். எழுதியவர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு, அதாவது 2083 முடியும் வரை அந்த உரிமை எங்களுக்கு, பிறகு யாரும் பாடலாம், அச்சிடலாம். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-ல் அரசு வாங்கி, பிறகு பொதுவில் விட்டது நினைவுக்கு வந்தது. அப்பா பாட்டை 2083 வரை காத்திருக்காமல் நாங்களே பாடக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் என் ஆசை.

அண்ணனுக்கு இன்னொன்றும் மனதில் இருந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக்குக் கூழ் ஊற்றும் கமிட்டிக்கு அப்பா ரொம்பக் காலம் தலைவர், அதையும் தன் பெயருக்கு எழுதச் சொன்னார். "பதவியை ஷெட்யூல்ல, சொத்துப் பட்டியல்ல, போட முடியாது தம்பி, தெருவைக் கூட்டிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். பெரியவருடைய அப்பா கிராமத்தில் கர்ணமாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தவராம். பரம்பரையாக வந்த அந்த வேலையை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம், ஆனாலும் அது சரியான முடிவுதான் என்றார். கட்சியும் தொகுதியும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்குத்தான் சுருக்கென்றது.

குறைகளும் உண்டு. கட்டணத்தை எங்கும் எழுதி ஒட்டவில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள். வரைவு மெதுவாகத்தான் வரும், வந்ததும் சக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, வரி வரியாகச் சரிபாருங்கள், எங்களுடையதில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தது, சொன்னதும் திருத்திக் கொடுத்தார். முழங்கால் வலி உள்ளவர்கள் போன் செய்தால் கீழே இறங்கி வந்து பேசுகிறார். அரசுக்குக் கட்டுவது தனி: குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தியவை, போகுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சண்டை முற்றிக் கேஸ் வரை போயிருந்தால் இவர் எடுக்க மாட்டார், வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் வராமல் இவர் பேச்சையே ஆரம்பிப்பதில்லை.