இடிந்த கோட்டைகளில் பிள்ளைகளோடு: வேல்ஸில் மூன்று இடங்கள்

போன வருடம், கட்டில் மெத்தை திரைச்சீலை எல்லாம் பழையபடியே வைத்திருக்கிற ஒரு பெரிய கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் நொந்துபோனோம். எங்கு திரும்பினாலும் குறுக்கே கயிறு, தொடாதே என்ற பலகை, அறைக்கு ஒருவர் நின்று கண்காணிக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு, இருவருக்கும் கை கால் ஓரிடத்தில் நிற்காது. முக்கால் மணி நேரத்தில் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள், பெரியவனை நான் நாலு தடவை அதட்டியிருப்பேன். அது பிள்ளைகளின் தப்பே இல்லை, இடத்தைத் தேர்ந்தெடுத்த எங்கள் தப்பு. அதே விடுமுறையில் கூரையும் தரையும் போன ஒரு கோட்டைக்குப் போனோம், மூன்று மணி நேரம் ஆகியும் இருவரும் கிளம்ப மறுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோட்டை என்றால் இடிந்த கோட்டைதான்.

இங்கே சொல்லப்போவது வேல்ஸில் நாங்கள் ஏறி இறங்கிய மூன்று இடங்களைப் பற்றி. மூன்றையும் பராமரிப்பது கடூ என்ற அரசுத் துறை. வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் காப்பது என்று பொருளாம், நம்முடைய 'கா' மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு அந்தப் பெயர் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. இரண்டு மூன்று கோட்டைக்கு மேல் போவதாக இருந்தால் தனித்தனியாகச் சீட்டு வாங்காமல் உறுப்பினர் ஆவது லாபமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் எங்களுக்குப் போகப் போகத்தான் புரிந்தது. கோட்டையை அதன் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, பிள்ளையின் குணத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மகன் எங்கே போனாலும் மேலே ஏறப் பார்ப்பான். மகள் எந்தப் பொந்தைக் கண்டாலும் உள்ளே நுழையப் பார்ப்பாள். இரண்டுக்கும் ஒரே இடம் சரிப்படாது.

ஏறுகிற பிள்ளைக்குக் கான்வி. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283இல் தொடங்கி, பெரும்பகுதியை நாலே வருடத்தில் கட்டி முடித்த கோட்டை, எட்டுப் பெரிய கோபுரங்கள். சுழல் படிக்கட்டில் ஏறி உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் ஆற்று முகத்துவாரம், இன்னொரு பக்கம் மலைகள், காலடியில் 1826இல் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் கட்டிய தொங்கு பாலம். மகன் ஒரு கோபுரத்தின் உச்சியில் நின்று மற்ற கோபுரங்களை விரல் விட்டு எண்ணி, இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குச் சொல்லிக்கொண்டே ஏறினான்.

ஆனால் எனக்குப் பிடித்தது உச்சி இல்லை, கோபுரத்தின் அடிவயிறு. நடுவில் இருந்த மரத்தளங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டதால், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் கல் குழாய்க்குள் நிற்கிற மாதிரி இருக்கும். சுவரில் வரிசையாகச் சதுரக் குழிகள், உத்தரம் செருகிய இடங்கள். அதற்கும் மேலே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் ஒரு கணப்பு அடுப்பு, காற்றில் தொங்குவது போல. சின்னவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அங்கே நெருப்பு மூட்ட எப்படிப் போனாங்க, பறந்தா?" என்றாள். அண்ணன்காரன் குழிகளைக் காட்டி, இங்கே ஒரு மரம், அங்கே ஒரு மரம், மேலே பலகை என்று கையாலேயே அவளுக்குத் தளம் போட்டுக் காட்டினான். முழுசாக இருக்கிற கோட்டையில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளை கேட்கும்? இடிந்தது என்றால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, மீதியைப் பிள்ளைகளே மனசுக்குள் கட்டிக்கொள்கிறார்கள். கூரை எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. 1660களில் கூரை வேய்ந்திருந்த ஈயத்தையும், இரும்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னதும் இருவருக்கும் வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

கோட்டையோடு நின்றுவிடாதீர்கள், ஊரைச் சுற்றி சுமார் 1.3 கிலோமீட்டர் மதிலும் இருக்கிறது, பல இடங்களில் அதன் மேலேயே நடக்கலாம். தெற்குப் பக்கத்தில் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பறைகள் உண்டு, 700 வருடத்துக்கும் மேல் பழசு. எட்வர்டை இருவரும் மறந்துபோனார்கள், அந்தப் பன்னிரண்டை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்லிவிடுகிறேன். சுழல் படி நடுத்தூண் பக்கம் கூராகக் குறுகி, வெளிச்சுவர் பக்கம் அகலமாக இருக்கும், அதனால் பிள்ளை எப்போதும் அகலமான பக்கம்தான் வரவேண்டும். ஏறும்போது பிள்ளை முன்னால், நாம் பின்னால், இறங்கும்போது நாம் முன்னால். மழை பெய்த மறுநாள் கல் வழுக்கும். ஒருமுறை வேறொரு சின்னக் கோட்டையில் கைப்பிடிக் கயிறு இல்லாத ஈரப் படியில் மகளுக்குக் கால் சறுக்கி, நான் கீழே நின்றதால் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் என் கை நடுக்கம் நிற்கவில்லை. நல்ல பிடிமானம் உள்ள ஷூ இல்லாமல் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், தள்ளுவண்டி எடுத்துப் போனால் வாசலிலேயே பாரமாகிவிடும். அப்புறம் இன்னொன்று: ஏறுவது என்றால் படியிலும் நடைபாதையிலும் மட்டும். இடிந்த சுவரின் மேல் தொற்றி ஏறினால் பிள்ளைக்கும் ஆபத்து, காரை உதிர்ந்து நிற்கிற அந்தக் கல்லுக்கும் ஆபத்து. "இந்தச் சுவர் உன்னைவிட 700 வயசு மூத்தது, மேலே மிதிக்கலாமா?" என்று ஒரு தடவை சொன்னேன், பெரியவன் அதற்குப் பிறகு ஏறவில்லை.

நுழைகிற பிள்ளைக்குப் பியூமாரிஸ். 1295இல் ஆரம்பித்து, பணம் போதாமல் கட்டி முடிக்காமலே விட்டுவிட்ட கோட்டை, அதனால் கோபுரங்கள் நினைத்த உயரத்துக்கு எழவே இல்லை. உயரம் என்றால் பயப்படுகிற பிள்ளைக்கு அதுவே வசதி. உள் மதில் தடிமனாக இருக்கிறது, அந்தத் தடிமனுக்குள்ளேயே நடைவழிகள் ஓடுகின்றன. ஒரு வாசலில் நுழைந்த மகள் எங்கேயோ வேறொரு வாசலில் தலையை நீட்டி எங்களைக் கூப்பிட்டாள். கட்டின காலத்தில் 400 கொத்தர்களும் 2,000 கூலியாட்களும் இருந்ததாகத் தலைமைக் கொத்தர் 1296இல் எழுதிய கடிதம் சொல்கிறது. அத்தனை பேர் நின்ற முற்றத்தில் இப்போது வெறும் புல்தரை, ஓடிப் பிடித்து விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் நிரம்பிய அகழியும் உண்டு, சின்னப் பிள்ளை என்றால் வெளியே நடக்கும்போது கையை விடாதீர்கள். மகனுக்கு இங்கே ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு கரெக் கென்னென் என்பேன். இது வேல்ஸின் தெற்கே, செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு ஆடுகள் மேயும் சரிவில் மூச்சு வாங்க ஏற வேண்டும். 1462இல் 500 ஆட்களை விட்டுக் கடப்பாரையும் பிக்காசுமாக வேண்டுமென்றே இடித்த கோட்டை, அப்படியும் சுவர்கள் நிற்கின்றன. உள் முற்றத்தின் மூலையிலிருந்து படிகள் இறங்கி, பாறை முகப்பை ஒட்டிக் கட்டிய ஒரு நடைவழிக்குப் போகின்றன. வழியில் சின்னச் சின்னத் திறப்புகளில் வெளிச்சம் வரும், அதற்கப்புறம் சுவர் முடிந்து குகை ஆரம்பித்துவிடும். கும்மிருட்டு. கீழே ஈரம், தலைக்கு மேலே சில இடங்களில் பாறை தாழ்ந்து வரும், பெரியவர்கள் குனிந்துதான் போக வேண்டும்.

பாதி வழியில் டார்ச்சை அணைத்துப் பார்க்கலாமா என்று மகள்தான் கேட்டாள். அணைத்தோம். எங்கேயோ ஒரு சொட்டு விழுகிற சத்தம், பக்கத்தில் மகனுடைய மூச்சு, வேறு ஒன்றும் இல்லை. எந்தக் கோபுரத்துக்கும் அஞ்சாத பெரியவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சின்னவள், "அண்ணா, நான் இருக்கேன்ல" என்றாள்.

மதிப்பெண் கேட்டால் கான்விக்கு ஐந்துக்கு நாலரை, பியூமாரிஸுக்கு நாலு, கரெக் கென்னெனுக்கு ஐந்துக்கு ஐந்து. மேலே மதில் விளிம்பில் காற்று பலமாக அடிக்கும், பெருங்காற்று நாளில் போகாதீர்கள். டார்ச் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள், இருவருக்கு ஒன்று என்றால் குகைக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.