"ஒரு லட்சம் லூமன்" ரோச் லைற்றில் 18,500 ரூபா போனது: காவலுக்கு ரோச் தேடுற ஆக்கள் கவனம்

கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுத்து முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்லைனில் சாமான் விற்கும் ஒரு பக்கத்தில் 18,500 ரூபாவுக்கு ஒரு ரோச் லைற் எடுத்தோம். பக்கத்தின் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, அது மாதத்துக்கு ஒரு பெயரில் வருகிறது. தலையில் ஒன்பது எல்.ஈ.டி, கறுப்பு உடம்பு, நாலு பற்றரி, மஞ்சள் எழுத்தில் "ஒரு லட்சம் லூமன், மூன்று கிலோமீற்றர்" என்று விளம்பரம். அதுதான் அடையாளம். லூமன் என்றால் ரோச் விடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவு, கிலோமீற்றர் என்றது வெளிச்சம் போகிற தூரமாம்.

மாமாவின் வயல் வன்னியில், வவுனிக்குளத்துக்குக் கீழ். காலபோகம், கதிர் முற்றுகிற நேரம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பன்றி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் கொட்டிலில்தான் படுக்கிறார். பழைய ரோச்சை அடித்தால் வரம்பில் நிற்பது எருமையா யானையா என்றே தெரியாது. வெளிச்சம் கேட்பது யானையைக் கலைக்க இல்லை. எங்கே நிற்கிறது என்று பார்த்து, தள்ளி நிற்கத்தான். வயல் செலவுக்கு வைத்திருந்த காசில் இருந்து எடுத்துத் தந்தார்.

காசு போட முதல் ரோச் விற்கிற பொடியனோடு நான் போனில் கதைத்தேன். நல்ல தமிழ், எங்கட ஆட்களின் கதை. தாய் முறிகண்டிப் பக்கம் என்றான். இரவு வீடியோ கோல் எடுத்து, ஒரு தென்னந்தோட்டத்துக்குள் ரோச்சை அடித்துக் காட்டினான். பகல் மாதிரித் தெரிந்தது. இவ்வளவு காசு, கையில் சாமான் வந்த பிறகு தரலாமா என்று கேட்டேன். "அண்ணை, வன்னிப் பக்கம் அனுப்பினால் கூரியர்காரரிட்ட இருந்து காசு வர ஒரு மாதம் ஆகுது. வேற ஆக்கள் எண்டால் பரவாயில்லை, உங்களுக்கு விலையும் குறைச்சுத்தான் தாறன்" என்றான். நான் யோசிப்பதைக் கண்டு அடுத்ததாக ஒன்று சொன்னான். "என்ர அப்பாவும் காவலுக்குப் போறவர்தான் அண்ணை. யானைக்கு முன்னால நிக்கிற மனுசருக்கு நான் பொய்ச் சாமான் விப்பனோ?"

விற்றான். அந்த வார்த்தைக்குத்தான் 18,500 ரூபா வங்கியில் போனது.

மல்லாவியில் கூரியரை எடுத்து அன்றிரவே வயலுக்குக் கொண்டுபோனோம். முதல் கொஞ்ச நேரம் நல்ல வெளிச்சம், பொய் சொல்லக்கூடாது. காலடியில் இருந்து பக்கத்து வரம்பு வரை பரந்து அடித்தது. பத்து நிமிடத்தில் மங்கத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் ஆக முதல் நின்றேவிட்டது. "விடிய விடிய 12 மணித்தியாலம் எரியும்" என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை, பழைய ரோச்சை எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அடுத்த நாள் வீட்டில் சார்ஜில் போட்டிருந்தபோது மேசைப் பக்கம் ஒரு இனிப்பு மணம், நகத்துக்குப் பூசும் பூச்சு மாதிரி. ரோச்சின் உடம்பைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. வயரைப் பிடுங்கி முற்றத்து மணலில் கொண்டுபோய் வைத்தேன். இதே சாமான் வயல் கொட்டிலில், கிடுகுக் கூரைக்குக் கீழே, வைக்கோலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஆகியிருந்தால்? 18,500 ரூபாவோடு முடிந்திருக்காது.

இனிப் பொடியனின் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "புது பற்றரி அண்ணை, ரெண்டு மூண்டு தரம் முழுக்க ஏத்தி இறக்கினாத்தான் பழகும்." லிதியம் பற்றரிக்கு அப்படிப் பழக்குகிற வேலையே இல்லை. மணம் வந்ததைச் சொன்னதும்: "நீங்கள் வேற சார்ஜர் போட்டிருப்பியள்." பெட்டியில் வந்த வயரையே போட்டோம் என்று படம் அனுப்பினேன். "ரோச்சுக்குத்தான் வாரன்ரி அண்ணை, பற்றரிக்கு இல்லை." பிறகு "கொழும்பில இருக்கிற பொறுப்பானவரிட்டக் கதைக்கோணும்" என்று ஒரு நம்பர். அந்த நம்பரை எடுத்த ஆள் சிங்களத்தில் "நாளைக்கு எடுங்கோ" என்றார், நாளைக்கு எடுத்தால் நாளைக்கு. பிறகு நீல ரிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் என் நம்பரைத் தடுத்துவிட்டான். மாமியின் போனில் இருந்து எடுத்தேன். "ஓம், சொல்லுங்கோ அக்கா" என்று அதே தேன் குரல். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

ரோச்சைக் கிளிநொச்சியில் ரேடியோ, போன் திருத்துகிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்த பார்வையிலேயே சிரித்துவிட்டார். நாலு பற்றரியையும் வெளியே எடுத்தார். 18650 என்கிற வகை, 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். ஒவ்வொன்றிலும் 9,900 எம்.ஏ.எச் என்று போட்டிருக்கிறது, செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு அது. "இந்த அளவுச் செல்லில நல்ல கொம்பனிக்காரரே 3,500 அளவில்தான் விக்கிறாங்கள் தம்பி. 9,900 எண்டு கண்டால் அதிலயே களவு தெரியும்" என்றார். சின்னத் தராசில் வைத்தார். இரண்டு செல் 30 கிராம் சொச்சம், மற்ற இரண்டும் 43. நல்ல செல் 45 கிராம் அளவில் நிற்க வேண்டுமாம். நிறை கூடிய ஒன்றின் மஞ்சள் உறையை நகத்தால் கீறி உரித்தார். உள்ளே இன்னொரு உறை, நீலம், ஓரம் கிழிந்தது. அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டியாக நாலு பொட்டு, அதைச் சுற்றித் துருவின் நிறம். பழைய லப்டொப் பற்றரிக்குள் இருந்த செல்லைப் பிடுங்கினால் தகடு ஒட்டவைத்த இடம் அப்படித்தான் இருக்குமாம். அதாவது யாரோ எறிந்த செல்லுக்குப் புது உடுப்புப் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். அளந்து பார்த்ததில் இலேசான செல்களில் 700 சொச்சம், மற்றவற்றில் 1,100 அளவு. செல்லில் போட்டிருப்பதை நாலால் பெருக்கினால் 39,600. உண்மையில் நாலும் சேர்ந்து 3,600 தேறினால் பெரிய காரியம்.

அடுத்து மீற்றரை வைத்து ரோச் இழுக்கிற கரண்டை அளந்தார். 2.7 அம்பியர். நாலு செல்லும் பக்கத்துப் பக்கமாக (பரலலில்) இணைத்தது என்பதால் வோல்ற் 3.7தான். பெருக்கினால் பத்து வாற். நல்ல எல்.ஈ.டியில் ஒரு வாற்றுக்கு நூறு லூமன், கொஞ்சம் கூடினால் நூற்றைம்பது. ஆக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லூமன். ஒரு லட்சம் லூமனுக்கு ஆயிரம் வாற் அளவில் வேண்டும், வீட்டில் உடுப்பு அழுத்துகிற அயன் பெட்டி இழுக்கிற அளவு. அதை உள்ளங்கை அளவு ரோச்சுக்குள் விட்டால் கையில் பிடிக்க முடியுமா? ஒரு லட்சம் லூமன் ரோச் உலகத்தில் இல்லாமல் இல்லை. இமாலன்ட் எம்.எஸ்.18 என்று ஒன்று இருக்கிறது, 18 எல்.ஈ.டி, 18650ஐ விடப் பெரிய 21700 வகைச் செல் எட்டு, சூட்டைத் தள்ள உள்ளே காற்றாடி. அதுவும் அந்த முழு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம்தான் தரும், பிறகு தானாகவே இறங்கும். 18,500 ரூபாவுக்கு அது கனவிலும் வராது.

வீடியோவில் பகல் மாதிரித் தெரிந்தது எப்படி என்று கேட்டேன். போன் கமரா இருட்டில் தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், எந்த ரோச்சும் அதில் சூரியன்தான் என்றார்.

இன்னொன்றும் அன்றுதான் விளங்கியது. கன எல்.ஈ.டி வைத்த ரோச் பரந்து அடிப்பது, கிட்ட இருப்பதைப் பார்க்க நல்லது. கடைசி வரம்புக்கு அப்பால் காட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் லூமனைப் பார்க்கக்கூடாது, கண்டெலாவைப் பார்க்க வேண்டும், அதாவது ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிந்து போகிறது என்கிற அளவு. அதற்கு ஒற்றை எல்.ஈ.டியும் வெளிச்சத்தைக் குவிக்கிற ஆழமான பெரிய கிண்ணமும் உள்ள ரோச்தான் சரி. கணக்கு சின்னது: கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம். 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர், அதுவும் அந்தத் தூரத்தில் நிலவு வெளிச்சம் அளவுதான் விழும். பொடியன் சொன்ன மூன்று கிலோமீற்றருக்கு இருபத்திரண்டரை லட்சம் கண்டெலா வேண்டும். ஒழுங்கான கொம்பனிகள் எஃப்.எல்.1 என்ற அளவுமுறைப்படி லூமன், கண்டெலா, தூரம், எரியும் நேரம் எல்லாம் தனித்தனியாகப் போடுகின்றன. லூமனை மட்டும் பெரிய எழுத்தில் போட்டவன் மற்றதை மறைக்கிறான்.

எந்த ரோச் நல்லது, எந்த விலைக்கு எது என்று ஆறுதலாக எழுதத்தான் தொடங்கினேன். மனநிலை இல்லை. அவசரத்துக்கு இதைப் பிடியுங்கள்.

நாலு செல் போடுகிற ரோச்சில் நாலும் ஒரே கொம்பனி, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ் ஏறியதாக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கமாக இணைத்ததில் ஏற்றம் கூடிய செல் குறைந்த செல்லுக்குள் ஒரேயடியாகக் கரண்டைத் தள்ளும். ஒன்றன் பின் ஒன்றாக இணைத்ததில் நொந்த செல்லை மற்றவை தலைகீழாக இழுத்துக் கெடுக்கும். எனக்கு வந்த நாலும் இரண்டு சாதி, மணம் வந்ததற்குக் காரணம் அதுதான் என்கிறார் அண்ணை. உறை கிழிந்த செல்லைப் போடாதீர்கள், உறைக்கு உள்ளே இருக்கிற உலோக உடம்பு முழுக்க மறை (நெகற்றிவ்) முனைதான், கிழிந்த இடத்தில் அது வெளியே தெரியும். சார்ஜ் 4.2 வோல்றில் நிற்க வேண்டும், நிற்காத சார்ஜரை எறியுங்கள். சோலர் பலகையில் இருந்தோ 12 வோல்ற் பற்றரியில் இருந்தோ நேரே வயர் பிடித்து இந்தச் செல்லுக்கு ஏற்றுகிற பழக்கம் எங்கட பக்கம் இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். 12 வோல்ற் பலகை என்றாலும் வெயிலில் 20 வோல்ற் வரும். நல்ல பவரான ரோச் வைத்திருப்பவர்களும் பைக்குள் போட முதல் வால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, எரியவில்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், தவறி எரிந்தால் துணியைச் சுடும். முழுக் காசையும் முதலே கேட்டால், எவ்வளவு இனிக்கக் கதைத்தாலும் போனை வையுங்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வங்கிச் சிட்டையும் மெசேஜ்களும் பத்திரமாக இருக்கின்றன. 18,500 ரூபா திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை.

நேற்று அதே ரோச், அதே தென்னந்தோட்ட வீடியோ, வேறு பெயருள்ள பக்கத்தில் "ஒன்றரை லட்சம் லூமன்" என்று 21,000 ரூபாவுக்குப் போகிறது. காசு போட இருப்பவர்கள் நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றிரவு அதைச் சார்ஜில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள்.