ஆச்சியின் கைகள்: ஒட்டுத்துணியா, நூலா?

பின்னணிக்குக் கண்டாங்கிச் சேலைத் துணி. அதன் மேல் கொட்டான் (ஓலைக்கூடை) முடையும் ஆச்சியின் கைகள். குயில்ட் (துணியடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது) தைப்பவர்கள் குழம்புவது இந்தக் கைகளில்தான்: துணியை வெட்டி ஒட்டும் ஒட்டுத்துணியா, தையலாலேயே படம் வரையும் நூலோவியமா?

செலவு: ஒட்டுத்துணிக்கு வெளிர், நடு, அடர் எனப் பழுப்பில் மூன்று துண்டுகள் போதும். நூலோவியம் நூற்கண்டுகளை விழுங்கும்.

உழைப்பு: துண்டை வெட்டிப் பசைத்தாள் வைத்து இஸ்திரி போட்டால் ஒரே மாலையில் கை தயார். நூலுக்குத் தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டுத் துணியை நாமே நகர்த்த வேண்டும். அடியில் தாங்குதுணி வைக்காததால் நான் தைத்த கட்டைவிரல் சுருங்கி இஞ்சிக்கிழங்காகிவிட்டது.

உயிரோட்டம்: புடைத்த நரம்பு, கணுச் சுருக்கம், ஓலை அழுத்தி வெளுத்த நகக்கண், எல்லாம் நூலுக்கே வசப்படும். வெறும் துணியில் கை கையுறையாகத்தான் நிற்கிறது.

உழைக்கும் காலம்: மடிக்காத துணியோரம் பிரியும், நெருக்கத் தையல் பிரியாது.

வளவுச் (வீட்டு முற்றத்துச்) சுவரில் உயரத்தில் மாட்ட ஒட்டுத்துணி போதும். ஆச்சியே மடியில் போட்டுப் பார்ப்பார் என்றால் நூல்தான்.